நடுவில் நிற்கும் குழந்தை

பெங்களூருவை அடுத்த ஹெப்பகோடி, பொம்மசந்திரத் தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர். பிழைப்புக்காக அங்கு குடியேறிய தமிழ்ப் பெற்றோருக்குக் கன்னட ஆசிரியரின் சொல்லைக் குழந்தையே மொழிபெயர்ப்பதுண்டு. ‘கணக்கில் பின்தங்கியுள்ளான்’ என்பது ‘நன்றாகப் படிக்கிறேனாம்’ என்றாகிவிடும். (மொழிபெயர்ப்பாளனான எனக்கு இந்தச் சபலம் புரிகிறது!)

பெரியவர்கள் மட்டும் என்ன செய்கிறார்கள்? மாணவனின் வருகையையும் கற்கும் திறனையும் முன்னேற்றத்தையும் பெற்றோருக்குத் தெரிவிப்பது ஆசிரியரின் கடமை என்கிறது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு. அவரோ பகை வருமோ என்றஞ்சிக் குறைகளை மழுப்புகிறார். அதைக் கருணை என்கிறோம். உண்மையில் அது தற்காப்பு. வீட்டு நிலையை ஆசிரியரிடம் கூறும்படி அப்பிரிவு பெற்றோரைப் பணிக்கவில்லை. ஆயினும், தந்தை வேலையிழந்ததை மறைத்துவிட்டு, மகனின் சோர்வுக்கு ஆசிரியரைப் பழிப்பது நியாயமாகுமா?

குழந்தையைச் சற்று விளையாட அனுப்பிவிட்டு, அரைகுறைக் கன்னடத்திலும் அரைகுறைத் தமிழிலுமாவது அவ்விருவரும் நேரில் பேசிப் பார்க்கட்டும்.