பெற்றோல் இருக்கும்போது

2022 ஜூன் 27ஆம் திகதி இலங்கை அரசாங்கம் ஓர் அறிவித்தல் விடுத்தது. அன்று நள்ளிரவிலிருந்து ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள். அதற்கு முந்தின நாள்தான் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றருக்கு 470 ரூபாவாக ஏறியிருந்தது. முந்திய வருட ஜூனில் அதன் விலை 157 ரூபா. எவ்வளவு விலையானாலும் வாங்கலாம் என்றிருந்தவனுக்கும் வாங்குவதற்குப் பெற்றோல் இல்லை. பெற்றோல் செட்டுகளுக்கு முன்னால் வரிசையில் விட்ட மோட்டார் சைக்கிள்கள் இரவும் பகலும் அங்கேயே நின்றன.

அந்த நாட்களில்தான் அம்பாறை மாவட்டத்தின் இறக்காமத்திலும் வரிப்பத்தான்சேனையிலும் பழைய சைக்கிள்கள் வெளியே வந்தன. நெல் மூட்டைக்குப் பின்னால் சாத்தி வைத்தவை, கோழிக்கூட்டுக்கு மேல் தூக்கிப் போட்டவை, வாப்பா காலத்து லுமாலாக்கள். செயின் துருப்பிடித்திருக்கும், சீட்டுக் கிழிந்திருக்கும். சைக்கிள் திருத்துபவர் டியூபை இழுத்தெடுத்து, காற்றடித்து, தண்ணீர்ச் சட்டிக்குள் அமுக்குவார். குமிழி கிளம்பும் இடத்தைப் பெருவிரலால் பொத்திப் பிடித்து, துடைத்து, அரத்தாள் தேய்த்து, சொலூசன் பூசி ஒட்டுவார். ஒரு ஒட்டில் வேலை முடியாது. வருடக்கணக்கில் மடிந்து கிடந்த றப்பர் மடிப்புக்கு மடிப்பு வெடித்திருக்கும். அப்படியும் அந்தச் சைக்கிள்கள் ஓடின. கடைக்கும் பள்ளிக்கும் கந்தோருக்கும் ஓடின. அம்பாறை நகரில் வேலை பார்த்தவர்களில் சிலர் முகத்தில் அடிக்கும் கச்சான் காற்றை எதிர்த்து மிதித்தே போய்வந்தார்கள்.

பிறகு எரிபொருளை அளந்து கொடுக்கும் கியூஆர் முறை வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் கிடைத்தது. 2023 செப்டெம்பர் முதலாம் திகதியோடு அந்தக் கட்டுப்பாடும் நின்றது. சைக்கிள்களில் பெரும்பாலானவை வந்த இடத்துக்கே திரும்பிப் போயின.

இங்கே ஓர் அறக்கேள்வி கிடக்கிறது. கையில் காசும் செட்டில் பெற்றோலும் இருக்கும்போது, நடந்தோ மிதித்தோ போகக்கூடிய தூரத்துக்கு மோட்டாரை எடுப்பது ஒருவருடைய சொந்த விருப்பம் மட்டும்தானா? அதில் மற்றவர்களுக்கு நாம் பட்ட கடன் ஏதும் உண்டா?

வீட்டில் அரிசி இல்லாமல் பட்டினி கிடப்பவர் நோன்பாளி ஆகமாட்டார். அடுப்பில் கஞ்சி கொதிக்க, கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் இருக்க, நிய்யத்து வைத்து வாயைக் கட்டுபவரே நோன்பாளி. 2022இல் ஊர் கிடந்தது பட்டினி. அதற்காக யாரையும் மெச்ச வேண்டியதில்லை. யாழ்ப்பாணம் அந்தப் பட்டினியை 1990களில் வருடக்கணக்கில் அனுபவித்தது. வடக்குக்கு எரிபொருள் போகத் தடை இருந்த காலத்தில் நோயாளியும் விறகும் நெல் மூட்டையும் சைக்கிளிலேயே போயின. 2009இல் போர் முடிந்தது, பாதை திறந்தது, லீசிங் கம்பனிகள் வந்தன, வீட்டுக்கு வீடு மோட்டார் சைக்கிள் வந்தது. அதில் குற்றம் காண ஒன்றுமில்லை. வற்புறுத்தி விடவைத்ததை மனிதர் வற்புறுத்தல் நீங்கியதும் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் பட்டினி ஓர் உண்மையைக் காட்டிக்கொடுத்துவிட்டுப் போகிறது. எது இல்லாமல் முடியும், எது இல்லாமல் முடியாது என்பது அப்போது தெரிந்துவிடுகிறது. சந்திக்குப் போய்ப் பாண் வாங்க மோட்டார் வேண்டும் என்று இனி யாராவது சொன்னால், அது முடியாமை அல்ல, விருப்பமின்மை என்பது சொல்பவருக்கும் தெரியும். அறம் பற்றிய பேச்சு தொடங்குவது அந்த இடத்தில்தான்.

இப்படிப் பேசுபவர்கள் வழக்கமாகக் காலநிலை மாற்றத்தை முன்னால் வைப்பார்கள். இறக்காமத்தில் அது வலுவான வாதம் இல்லை. இலங்கையில் தலைக்கு வெளியேறும் கரியமில வாயு உலகச் சராசரியின் காற்பங்கு அளவுதான். பூமி சூடேறுவதன் பாவத்தை ஒரு வயலூர்க்காரரின் நூறு சீசீ வண்டியின் மேல் சுமத்துவது நீதியல்ல. உடல்நலம் பற்றிய வாதம் உண்மையானது. உடம்பு அமானிதம் என்று நம்புகிறவர்களுக்கு அது போதுமானதும்கூட. ஆயினும் அது பெரும்பாலும் தனக்குத் தானே செய்துகொள்ளும் நன்மை. மற்றவருக்குரிய கடன் என்ன என்பதற்குப் பதில் அங்கே இல்லை.

பதில் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று டொலர். இலங்கை பாவிக்கும் பெற்றோலும் டீசலும், சுத்திகரித்ததாகவோ மசகெண்ணெயாகவோ, முழுக்க முழுக்க வெளியிலிருந்து வருபவை. மருந்துகளில் பெரும்பங்கும் அப்படித்தான். இரண்டுக்கும் பணம் ஒரே கையிருப்பிலிருந்து போகிறது. அந்தக் கையிருப்பு வற்றியபோது செட்டில் பெற்றோலும் இல்லை, வைத்தியசாலையில் மருந்தும் இல்லை. சிறுபோக வேளாண்மை முற்றி நிற்க, வெட்டும் மெசினுக்கு டீசல் தேடி விவசாயிகள் கான்களோடு வரிசையில் நின்றார்கள். அந்த நேரத்தில் சும்மா ஒரு சுற்றுப் போய்வர ஒருவன் எரித்த பெற்றோல் இன்னொருவருடைய பங்கு என்பது யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லாமல் விளங்கியது. பிறகு அந்த வரிசை கலைந்தது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதியும் திரும்பத் திறந்துவிடப்பட்டது. ஆனால் நாடு எண்ணெய்க்குக் கொடுப்பது இன்றும் அதே டொலர்தான். பங்கு கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கிறது, இல்லாமல் போய்விடவில்லை. வீண்விரயம் கூடாது என்ற கட்டளை பஞ்ச காலத்துக்கு மட்டும் இறங்கியதல்ல. பொருள் கொட்டிக் கிடக்கும் காலத்தில்தான் அந்தக் கட்டளைக்கு வேலையே இருக்கிறது.

மற்ற இடம் ரோடு. எழுத வேண்டியது அதிகம் இருப்பதும் இங்கேதான். இந்தப் பகுதியின் பெரும்பாலான நிலம் மேசைபோல மட்டமானது. கல்முனையிலிருந்து சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று ஊர்கள் பிரதான வீதியோரமாக அடுத்தடுத்துக் கிடக்கின்றன. உள்ளே வந்தால் சம்மாந்துறையும் இறக்காமமும் வயலுக்கு நடுவே. சைக்கிளுக்கென்றே அமைந்ததுபோன்ற தரை. ஆனால் காபட் போட்டு உயர்த்திய வீதியின் ஓரத்தைப் பார்க்க வேண்டும். பல இடங்களில் தார் முடியும் விளிம்புக்கும் கிறவல் ஓரத்துக்கும் நடுவே பள்ளம். மீன் பெட்டியைக் கெரியரில் கட்டிக்கொண்டு ஒருவர் மிதித்து வருகிறார். ஐஸ் உருகித் தண்ணீர் பின்சில்லில் சொட்டுகிறது. பின்னால் ஹோர்ன் கேட்கிறது. அவர் பாரத்தோடு அந்த விளிம்பிலிருந்து கிறவலுக்கு இறங்க வேண்டும். ஹாண்டில் ஆடும், பெட்டி ஒரு பக்கம் சாயும். விழாமல் காலூன்றி நின்று, வாகனம் போன பிறகு திரும்பத் தள்ளி ஏற வேண்டும். பத்து நிமிடப் பாதையில் இப்படிப் பல தடவை. வாகனத்தில் போனவர் இதைக் கவனித்திருக்கவும் மாட்டார். அவர் மிச்சம் பிடித்த சில விநாடிகள் மீன்காரரின் காலிலிருந்து எடுத்தவை.

ஆஸ்திரியாவில் பிறந்த இவான் இலிச் என்ற சிந்தனையாளர் எரிசக்தியையும் சமத்துவத்தையும் பற்றி 1970களில் எழுதிய சிறு நூலில் இதைத்தான் வாதிட்டார். வேகம் ஓர் அளவைத் தாண்டினால் அது யாரோ ஒருவரின் நேரத்தையும் இடத்தையும் பறித்தே கிடைக்கிறது, சைக்கிளின் வேகம் அந்த அளவுக்குள் நிற்கிறது என்பது அவருடைய கருத்து. அவ்வளவு தூரம் போகாமலே இந்த ஊர் மக்களுக்கு இது தெரியும். வாகனத்தில் போகிறவர் நடந்து போகிறவருக்கு முதலில் ஸலாம் சொல்ல வேண்டும் என்பது மத்ரஸாப் பிள்ளைக்கும் தெரிந்த நபிவழி. உயரத்தில் இருப்பவரே முதலில் கடன்பட்டவர் என்பதை இதைவிட எளிதாக யாரும் சொல்லிவிட முடியாது. அந்த ஸலாம் இன்று பல இடங்களில் ஹோர்னாகிவிட்டது. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்று படித்தவர்கள், பாதையில் நாமே ஓர் இடையூறாக ஆவதைப் பற்றி ஏன் யோசிப்பதில்லை? இலங்கையில் ஆண்டுதோறும் 2,000க்கும் அதிகமானோர் வீதி விபத்தில் இறக்கிறார்கள். அவர்களில் மோட்டார் சைக்கிளில் போனவர்களும் கால்நடையாகப் போனவர்களுமே அதிகம். தேவையில்லாத ஒவ்வொரு மோட்டார்ப் பயணமும் அந்த ஆபத்தில் ஒரு துளியைப் பொது ரோட்டில் கொண்டுவந்து சேர்க்கிறது.

இனி, யார் மேல் இந்தக் கடமை? நோன்பிலேயே நோயாளிக்கும் பயணிக்கும் கர்ப்பிணிக்கும் விலக்கு உண்டு. இங்கேயும் விலக்கு இல்லாமல் பேசுவது கொடுமையாகும். இறக்காமத்திலிருந்து கல்முனைக்குத் தினமும் வேலைக்குப் போகிறவரைச் சைக்கிளில் போகச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. அவருக்கு வேண்டியது நேரத்துக்கு வரும் பஸ். டயலிசிஸுக்குப் போகிறவர், முதியவர், வயிற்றுப் பிள்ளைக்காரி, இரவு வேலைக்காரர் யாரும் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். முச்சக்கர வண்டி ஓட்டிச் சீவிப்பவருக்கு மோட்டார்தான் சோறு. விடிய முன் மண்வெட்டியைக் கட்டிக்கொண்டு வட்டைக்கு மிதித்துப் போகும் கூலியாளிடம் சைக்கிளின் மேன்மையைப் பேசப் போவதோ வெட்கக்கேடு. அவர் ஏற்கனவே அந்த வாழ்க்கையில்தான் இருக்கிறார், தெரிவாக அல்ல. அவருக்கு உபதேசம் வேண்டாம், ஓரம் இடியாத ரோடு வேண்டும்.

கடமை விழுவது நல்ல உடம்பும் குறுகிய தூரமும் உள்ளவர்கள் மேல். முக்கியமாக ஆண்கள் மேல். கடைக்கு, பள்ளிக்கு, கூட்டாளியின் வீட்டுக்கு, குளக்கட்டுக்குக் காற்று வாங்கப் போகும் பயணங்கள் அவர்களுடையவை. அவர்களைத் தடுப்பது தூரமோ வெயிலோ அல்ல, மானம். படித்து உத்தியோகம் பார்க்கும் ஒருவர் சைக்கிளில் வந்தால் சந்தியில் கேட்பார்கள்: “என்ன காக்கா, பைக்க வித்துட்டீங்களா?” கேட்பவரிடம் வஞ்சகம் இல்லை, அக்கறைதான். ஆனால் அந்த அக்கறைக்குள் ஒரு தீர்ப்பு இருக்கிறது: சைக்கிளில் வருபவர் வீழ்ந்தவர். மாப்பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள் கேட்கும் இடங்களில் அந்தத் தீர்ப்பின் விலையைப் பெண்வீட்டார் கட்டுகிறார்கள். இல்லாதவரை இழிவாகப் பார்க்கும் வழக்கத்தை இருப்பவர் ஒருவரே உடைக்க முடியும். மோட்டார் வாங்க வசதியுள்ளவர் விரும்பிச் சைக்கிளில் போகும் நாளில், வேறு வழியில்லாமல் போகிறவரின் தலை கொஞ்சம் நிமிரும். பெற்றோல் மிச்சத்தைவிட இந்த நன்மை பெரிது.

பெண்கள் விஷயத்தில் வேறு கணக்கு. 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணைநின்றார். பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் ஓட்டப் பழகினார்கள், முஸ்லிம் பெண்களும் அவர்களில் இருந்தார்கள். பஸ்ஸுக்கும் தகப்பனுக்கும் புருஷனுக்கும் காத்திருக்கும் நேரம் அவர்கள் கைக்கு வந்தது. நம் கரையோர ஊர்களில் ஸ்கூட்டியில் கடமைக்குப் போகும் ஆசிரியைகளை ஊர் ஏற்றுக்கொண்டுவிட்டது. அப்படியிருக்க, வயதுக்கு வந்த பிள்ளை சைக்கிள் மிதித்தால் மட்டும் ஏன் வாய் மெல்ல வேண்டும்? ஸ்கூட்டி வாங்க முடியாத வீட்டுப் பிள்ளையின் காலைத்தான் அந்தப் பேச்சு கட்டிப்போடுகிறது. குறைத்து ஓட்டுங்கள் என்று பெண்களிடம் கேட்க முன், ஓட்டவே விடாத நாவுகளை அடக்க வேண்டும்.

தனிமனிதரிடம் மட்டும் கேட்டு நிறுத்துவதும் அநீதிதான். 1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது நெதர்லாந்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓடாமல் தடுத்தார்கள். அதுவும் பட்டினிதான். எண்ணெய் திரும்பி வந்தது, காரும் திரும்பி வந்தது. ஆனால் அதற்கு முன்பே, வருடத்துக்கு 400க்கும் அதிகமான பிள்ளைகளை வீதியில் பறிகொடுத்த நாடு அது. பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கோபமும் எண்ணெய்த் தட்டுப்பாடும் சேர்ந்து, பின்வந்த ஆண்டுகளில் சைக்கிளுக்குத் தனிப்பாதையாகத் தரையில் இறங்கின. அந்த மக்கள் நம்மைவிட நல்லவர்கள் என்பதால் மிதிக்கவில்லை. மிதிக்கும்போது சாகமாட்டோம் என்ற உறுதி கிடைத்ததால் மிதிக்கிறார்கள். நம்முடைய 2022க்குப் பின்னால் அப்படி எதுவும் வரவில்லை. வீதியைக் காபட் போடும் அதிகாரிகள் ஓரத்துப் பள்ளத்தைக் கிறவலிட்டு மட்டமாக்க மறந்தால், சைக்கிளில் போகச் சொல்லும் எந்தப் பயானுக்கும் பாதி மதிப்புத்தான்.

ஆனாலும் ரோடு சரியாகும்வரை காத்திருக்கிறேன் என்று சொல்பவர் தப்பிக்கப் பார்க்கிறார். ஊருக்குள் இருக்கும் ஒழுங்கைகளுக்கு எந்த அதிகார சபையின் அனுமதியும் வேண்டியதில்லை. ஒழுங்கையில் மோட்டார் குறைந்தாலே அங்கே பிள்ளைகள் பாதுகாப்பாக மிதிப்பார்கள்.

ஜும்ஆவுக்கு நடந்து போவதன் சிறப்பை எத்தனையோ குத்பாவில் கேட்டிருக்கிறோம். ஆகவே அடுத்த வெள்ளிக்கிழமை முடிந்தவர்கள் மோட்டாரை வீட்டில் விட்டு நடந்து வாருங்கள், இல்லையென்றால் சைக்கிளில் வாருங்கள். பள்ளி நிர்வாகத்தினர் வளவின் நிழல் விழும் பக்கத்தைச் சைக்கிள்களுக்கு ஒதுக்கிக் கொடுங்கள். பிரதேச சபை உறுப்பினர்கள் ஒரு நாள், ஒரே ஒரு நாள், மீன் பெட்டியின் பாரத்தைக் கெரியரில் கட்டிக்கொண்டு பிரதான வீதியோரமாக மிதித்துப் பாருங்கள். பிறகு சபையைக் கூட்டுங்கள்.