பிள்ளையின் பசியும் டீச்சரின் ஓய்வும்

காலை ஒன்பதரை மணி. அங்கன்வாடி வாசலில் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு மூன்று வயதுப் பிள்ளை அலறுகிறது. அம்மாவுக்குக் களையெடுக்க நேரமாகிவிட்டது. டீச்சர் பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறார். ஒரு கை முதுகைத் தட்டிக்கொடுக்கிறது, மறு கையில் கைபேசி. சத்துமாவு வாங்க வந்திருக்கும் கர்ப்பிணியின் முகத்தைச் செயலி ஏற்கவில்லை. வெளிச்சத்துக்கு வரச் சொல்லி மறுபடி படம் எடுக்கிறார். உதவியாளர் பணியிடம் காலியாகிப் பல மாதம் ஆகிவிட்டதால் அடுப்பில் வேகும் பருப்பையும் அவரே பார்க்க வேண்டும். பிள்ளை அழுகையை நிறுத்த வேண்டுமென்றால் அவர் சிரித்த முகம் காட்ட வேண்டும். காட்டுகிறார்.

தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் பார்க்கக்கூடிய காலைதான் இது. அந்தச் சிரிப்பை வேலை என்று கணக்கில் எடுக்கிறோமா என்பதுதான் கேள்வி. சம்பளத்துக்காக உள்ளத்து உணர்ச்சியை அடக்கி, வேறோர் உணர்ச்சியை வரவழைத்துக் காட்டுவதும் உழைப்புதான் என்று அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷீல்ட் 1983இல் எழுதினார். அவர் கூர்ந்து பார்த்தது விமானப் பணிப்பெண்களை. பயணி சில மணி நேரத்தில் இறங்கிப் போய்விடுவார். பால்வாடிப் பிள்ளை மூன்று வருடம் இடுப்பை விட்டு இறங்காது.

இந்த உழைப்பை மறைத்து வைப்பது ‘சேவை’ என்ற சொல். ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியபோதே, உள்ளூர்ப் பெண்களின் தொண்டாகத்தான் இந்த வேலை வகுக்கப்பட்டது. அதனால்தான் மத்திய அரசு தருவதன் பெயர் இன்றும் ஊதியம் அல்ல, மதிப்பூதியம். 2018 அக்டோபரிலிருந்து பணியாளருக்கு மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250 ரூபாய் என்று அது உயர்ந்தது. மாநில அரசுகள் தங்கள் பங்கைச் சேர்த்துத் தருகின்றன. தமிழ்நாட்டில் சிறப்புக் காலமுறை ஊதியம் உண்டு. அங்கன்வாடிப் பணியாளர்கள் அரசுப் பதவி வகிப்பவர்கள் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2006இல் சொன்னது. அதே நீதிமன்றம் 2022 ஏப்ரலில், அவர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. அந்த ஓர் உரிமையை எட்டவே ஏறக்குறைய 47 வருடம் பிடித்தது. தான் செய்வது வேலையா தொண்டா என்று தெரியாமலே வாழ்நாளைக் கழிப்பதும் மனதை அரிக்கும். இதை எந்த மருத்துவரும் நோயாகப் பதிவதில்லை.

டீச்சர்களின் மனநலத்தைப் பேசுகிறவர்கள் வழக்கமாக ஒரு நியாயம் சொல்வார்கள்: டீச்சர் நன்றாக இருந்தால்தான் பிள்ளைகள் நன்றாக இருப்பார்கள். உண்மைதான். சொல் விளங்காத வயதிலும் பிள்ளைக்கு முகம் விளங்கும். குரல் கொஞ்சம் தடித்தாலே ஒதுங்கி உட்காரும் பிள்ளைகள் உண்டு. ஆனால் இந்த நியாயம் பாதி வழியில் நின்றுவிடுகிறது. மனச்சோர்வை முழுக்க மறைத்துக்கொண்டு, பிள்ளைகள் முன் ஒரு நாளும் முகம் சுளிக்காமல், வீட்டுக்குப் போய் விளக்கை அணைத்துவிட்டு அழுகிற டீச்சருக்கு இந்த நியாயத்தில் இடமில்லை. பிள்ளைக்குக் கேடு வராதவரை அவர் படும் பாடு யாருக்கும் பொருட்டில்லை என்றாகிவிடும். பிள்ளைக்குப் பால் தருகிறது என்பதற்காக மட்டும் பசுவுக்குத் தீனி போடுகிற கணக்கு இது. டீச்சரின் நலம் அவருக்காகவே காக்கப்பட வேண்டும். பிள்ளைக்குக் கிடைக்கும் நன்மை அதற்குப் பிறகு வருவது.

இப்படிச் சொன்னதும் கடினமான இடம் வருகிறது. பள்ளிகளைப் போல மே மாதம் முழுவதும் விடுமுறை வேண்டும் என்று அங்கன்வாடிப் பணியாளர்கள் கேட்டுவருகிறார்கள். எதிர்ப்பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. வருடத்தில் 300 நாள் பிள்ளைகளுக்கு உணவு என்பது திட்டத்தின் கணக்கு. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த உணவைப் பிள்ளையின் உரிமையாகவே ஆக்கிவிட்டது. மே மாதத்தில் பசி விடுமுறை எடுப்பதில்லை. மையம் பூட்டினால் கூலிக்குப் போகும் தாய் பிள்ளையை எங்கே விடுவாள்? பிள்ளையால் மனு எழுத முடியாது, சாலையில் உட்கார முடியாது. இரண்டு பேரில் பலவீனமானவர் பக்கம் நிற்பதுதானே அறம்?

அந்த நேரத்துக்கு, ஆம். அழுகிற பிள்ளையை நடுக்கூடத்தில் விட்டுவிட்டு எழுந்து போகும் உரிமை எந்த டீச்சருக்கும் கிடையாது. அவர்கள் யாரும் அதைக் கேட்கவும் இல்லை. ஆனால் ஒரு நாள் அவசரத்துக்குப் பொருந்துவதை 300 நாளுக்கும் விதியாக்குவது அநியாயம். பிள்ளையின் உணவுக்குக் கடன்பட்டது அரசு. சட்டம் அரசைத்தான் கட்டுகிறது. ஒரு பெண்ணின் முதுகெலும்பைக் கட்டவில்லை. டீச்சர் விடுப்பு எடுத்தால் பிள்ளை பட்டினி என்ற நிலை இயற்கையாக வந்ததல்ல. மாற்று ஆள் போடாததால் வந்தது. மாற்று ஆளைப் போடாமல் இருந்துவிட்டு, பிள்ளையின் பசியைக் காட்டி டீச்சரை உட்காரவைப்பது, பிள்ளை மேல் அவர் வைத்த பாசத்தையே அவருக்கு எதிராகத் திருப்புவது. அவருக்கு இழைக்கப்படும் தீங்குகளில் இதுவே பெரிது. பாசம் இல்லாதவர் இந்த நெருக்கடியில் மாட்டுவதில்லை. நல்ல டீச்சர்தான் மாட்டுகிறார்.

வாக்குச்சாவடிப் பணி, கணக்கெடுப்பு, பதிவேடு, அதையே திரும்பவும் செயலியில் ஏற்றுவது என்று கூடிக்கொண்டே போவதும் அப்படித்தான். டீச்சர் மறுக்க மாட்டார் என்ற நம்பிக்கையில் இவை சுமத்தப்படுகின்றன.

மனநலத்துக்கு வழி இல்லாமல் இல்லை. 2022 அக்டோபரிலிருந்து 14416 என்ற எண்ணில் இலவச ஆலோசனை கிடைக்கிறது. பேச ஆளில்லாத இரவில் அந்தக் குரல் பெரிய உதவி, தயங்காமல் அழைக்கலாம். யோகா வகுப்பும் நல்லதுதான். ஆனால் அந்த எண்ணைச் சுவரில் ஒட்டியதோடு கடமை முடிந்தது என்று மேலிடம் நினைத்தால், காலியான உதவியாளர் இடம் காலியாகவே இருக்கும். சுமை ஏற்றுவது அலுவலகம், தாங்கப் பழக வேண்டியது டீச்சர் என்ற ஏற்பாட்டுக்கு மனநலம் என்று பெயர் வைக்கக் கூடாது.

செய்ய வேண்டியவை எளியவைதான். வட்டாரத்துக்கு ஒரு மாற்றுப் பணியாளர் பட்டியல், காலியிடங்களுக்கு ஆள், பதிவேடோ செயலியோ ஏதாவது ஒன்று. பெற்றோரால் முடிந்ததும் உண்டு: மாலையில் பிள்ளையை நேரத்துக்கு அழைத்துக்கொள்ளுங்கள், கிராமசபையில் எழுந்து உங்கள் மையத்தில் உதவியாளர் இருக்கிறாரா என்று கேளுங்கள்.