சிறகு தந்து விடுக்கும் மரம்

தந்தை மகனுக்கு வேண்டிய அனைத்தையும் செய்கிறார். பின்னர் அவன் தம்மைப் போலவே வாழ வேண்டுமென எதிர்பார்க்கிறார். இந்த எதிர்பார்ப்பு அன்பின் பகுதியா, அல்லது பற்றின் வேறொரு வடிவமா?

தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் எல்லை ஊர் சத்தியவேடு. 1960-இல் எல்லை திருத்தப்பட்டபோது அது செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திற்குச் சென்றது. 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. அப்பகுதியை அடுத்த கிழக்குத் தொடர்ச்சி மலையின் வறண்ட காடுகளுக்குரிய மரங்களுள் ஒன்றைத் தமிழர் 'ஆயா' என்பர். தெலுங்கில் அதற்குத் 'தபசி' என்றொரு பெயர் உண்டு. மேலைநாட்டு எல்ம் மரங்களின் குடும்பத்தைச் சேர்ந்தது அது.

குளிர்காலத்தில் அம்மரம் இலைகளை உதிர்க்கிறது, வெறுங்கிளைகளிலே பூக்கிறது. கோடையில் முதிரும் ஒவ்வொரு காயிலும் நடுவில் ஒரு விதை. அதைச் சுற்றி மெல்லிய சவ்வுச் சிறகு. விதைக்கு வேண்டிய உணவையும் சிறகையும் தந்தபின், மரம் அதனைக் காற்றிடம் ஒப்படைத்து விடுகிறது. அது எங்கு விழும், முளைக்குமா என்பது மரத்தின் கையில் இல்லை.

இங்கிலாந்தின் எல்ம் மரத்தின் கதை வேறு. அது முளைக்கும் விதைகளை அரிதாகவே தரும். வேரிலிருந்து எழும் கன்றுகளாலேயே பெருகியது. ரோமானியர் கொண்டுவந்த ஒரே மரத்தின் வழித்தோன்றல்களே அவை என்று 2004-இல் வெளியான மரபணு ஆய்வு கூறியது. தாயும் கன்றும் ஒரே அச்சு. 1960-களின் இறுதியில் வண்டுகள் சுமந்து வந்த பூஞ்சை நோய் பரவியபோது, அதை எதிர்த்து நிற்கும் வேறுபாடு அவற்றுள் எதனிடமும் இல்லை. பிரிட்டனில் இந்நோய்க்கு இரையான எல்ம் மரங்கள் இரண்டு கோடிக்கும் மேல்.

மரத்திற்கு அறமும் இல்லை, பாவமும் இல்லை. ஆனால் அதைக் காணும் மனிதன் சிந்திக்கலாம். தன் நகலையே விரும்பும் அன்பு, பிள்ளையை அருகிலேயே இருத்துகிறது. தன்னை வீழ்த்தும் குறையையும் அவனுக்குச் சேர்த்தே அளிக்கிறது.

அப்படியானால் பற்றின்மை என்பது பொறுப்பைக் கைவிடுவதா? அன்று. சிறகு முதிரும் முன்பே உதிர்ந்த காய் பயன்படுவதில்லை. உரிய காலம்வரை ஊட்டுவது கடமை. காலம் வந்ததும் விடுப்பதும் அக்கடமையின் நிறைவே. கீதை போதிக்கும் கர்மயோகம் செயலைத் துறக்கச் சொல்லவில்லை; பலன்மீதான உரிமையைத் துறக்கச் சொல்கிறது. பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் மக்கள் தொண்டு செய்வோருக்கும் இதுவே நெறி.

பிள்ளை வேறு திசையில் செல்லும் நாளில் தந்தையின் மனம் நோகும். அவர் அன்று தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே: "அவனுக்கு வேண்டிய சிறகைத் தந்தேனா?" தந்திருந்தால் அவருடைய பணி நிறைவுற்றது. எஞ்சியது இறைவனின் காற்று.