பகலுறக்கமும் உழைப்பாளியின் உரிமையும்

வேலை நாளின் நடுவே உறங்குதல் குற்றமா? இவ்வினாவைக் கேட்டவுடன் நண்பர் பலர் புன்னகை புரிவர். நாட்டிலே பாரிய பிரச்சினைகள் எத்தனையோ இருக்க, மதிய வேளைக் குட்டித் தூக்கத்துக்கும் ஒரு கட்டுரையா என வினவுவர். ஆயினும், ஒரு சமுதாயம் எவருடைய உறக்கத்தை ஓய்வென்றும் எவருடைய உறக்கத்தைச் சோம்பலென்றும் அழைக்கின்றது என்பதை ஊன்றி நோக்கினால், அச்சமுதாயத்தின் அறநெறி எவ்வர்க்கத்தின் பக்கம் நிற்கின்றது என்பது தெற்றெனப் புலனாகும்.

முதலிலே உடலின் உண்மையைப் பார்ப்போம். நண்பகலுக்குப் பின், ஏறத்தாழ ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையே, மனிதனின் விழிப்பு நிலை இயல்பாகவே தாழ்கின்றது. இதை உண்ட மயக்கம் என்கின்றோம். அது முழு உண்மையன்று. உண்ணாதவனுக்கும் அம்மயக்கம் வருவதை உறக்கம் பற்றிய ஆய்வுகள் காட்டியுள்ளன. ஸ்பானியரின் 'சியெஸ்டா' என்னும் சொல், உரோமரின் 'ஆறாம் மணி' என்பதிலிருந்து பிறந்தது. சூரிய உதயத்திலிருந்து எண்ணினால் ஆறாம் மணி நண்பகலாகும். வெயில் உச்சிக்கு ஏறும்போது கருவியைக் கீழே வைத்துவிட்டு நிழலிலே சாய்வது வெப்ப நாட்டு உழவர் பலருக்கும் பொதுவான வழக்கம். விடியுமுன் வயலில் இறங்கிய வன்னி விவசாயியும், காலையும் மாலையும் பனையேறும் யாழ்ப்பாணத்துத் தொழிலாளியும், இரவெல்லாம் வலையோடு கடலிலே நின்ற மீனவனும் பகலிலே கண்ணயர்வது சோம்பலால் அன்று. அவர்களுடைய வேலையின் ஒழுங்கே அவ்வுறக்கத்தையும் தன்னுள் அடக்கியது.

இந்த ஒழுங்கைத் தொழிற்சாலைச் சங்கு உடைத்தது. முதலாளி தொழிலாளியின் நாளை விலைக்கு வாங்கினான். வாங்கியவனுக்கு அந்நாளின் ஒவ்வொரு நிமிடமும் பண்டம். அதற்குள் ஒருவன் கண்ணயர்ந்தால் அது களவு. 1867ஆம் ஆண்டு வெளிவந்த 'மூலதன'த்திலே, வேலை நாளைப் பற்றிய நீண்ட அதிகாரத்திலே, கார்ல் மார்க்ஸ் இதனை விரித்துரைத்தார். களைத்த உடலை மறுநாள் மீண்டும் வேலைக்கு எழுப்புவதற்கு எவ்வளவு உறக்கம் வேண்டுமோ அவ்வளவுக்கே மூலதனம் இடங்கொடுக்கும் என்பது அவர் கண்ட உண்மை.

குடியேற்ற நாடுகளிலே இதற்கு இன்னொரு முகமும் இருந்தது. வெப்ப நாட்டு மக்கள் பிறவிச் சோம்பேறிகள் என்பது ஐரோப்பிய ஆட்சியாளர் பலருடைய உறுதியான நம்பிக்கை. மலாயர், யாவாவாசிகள், பிலிப்பினோக்கள் ஆகியோர் மீது சுமத்தப்பட்ட இப்பழி எவ்வாறு புனையப்பட்டது என்பதைச் சையத் ஹுசைன் அலாதாஸ் 1977இல் வெளியிட்ட நூலிலே தெளிவாக ஆராய்ந்துள்ளார். எமது நாட்டின் கதையும் அதுவே. தன் வயலையும் சேனையையும் விட்டுத் தோட்டக் கூலியாக வர மறுத்த கண்டிய விவசாயிக்குச் சோம்பேறி என்ற பெயர் சூட்டப்பட்டது. அவனுக்குப் பதிலாகத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளரை விடியற்காலையிலே தப்படித்து எழுப்பிப் பிரட்டுக்களத்திலே நிறுத்தினர். அதே தோட்டத்தின் பங்களா விறாந்தையிலே நீண்ட கைகளையுடைய ஒரு நாற்காலி கிடந்தது. சாய்ந்திருப்பவர் கால்களை நீட்டி வைப்பதற்காகவே அதன் கைகள் அவ்வளவு நீளமாகச் செய்யப்பட்டன. ஆங்கிலத்திலே அந்நாற்காலிக்குப் பெயரே தோட்டத்துரையின் நாற்காலி என்பதாகும். துரையின் ஓய்வுக்குத் தச்சன் தனியாக ஒரு தளபாடமே செய்து கொடுத்தான். தொழிலாளியின் ஓய்வுக்குக் கங்காணியின் ஏச்சு மட்டுமே கிடைத்தது.

துரைமார் போனபின்பும் அந்த அறநெறி எம்மை விட்டுப் போகவில்லை. அதனைப் பேணுவதிலே ஆசிரியர்களாகிய எமக்கும் பங்குண்டு. மடியின்மை என்று திருவள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார், துயிலையும் கேட்டிலே கொண்டுபோய்ச் சேர்க்கும் மரக்கலங்களுள் ஒன்றாக எண்ணினார் என்று வகுப்பறையிலே கற்பிக்கின்றோம். அவ்வதிகாரம் பொருட்பாலின் அரசியற் பகுதியிலே 61ஆம் அதிகாரமாக நிற்பதை மாணவருக்கு எடுத்துரைக்கின்றோமா? அதன் இறுதிக் குறள் வெளிப்படையாகவே மன்னனைப் பற்றியது. ஆள்வோரை முதன்மையாக நோக்கிய அறிவுரையை ஆளப்படுவோரின் பிள்ளைகளுக்கு ஓதுவதிலேதான் நாம் வல்லவர்கள். பாடசாலை விட்டதும் பிரத்தியேக வகுப்புக்கு ஓடி, மூன்று மணி வெக்கையிலே வாங்கில் தலை சாய்க்கும் பிள்ளைக்கு அக்குறளையே தண்டனையாகப் பத்துமுறை எழுதக் கொடுப்பாரும் உளர்.

முற்போக்காளரும் இத்தவற்றுக்கு விலக்கானவர்கள் அல்லர். 1935 ஆகஸ்ட் மாதத்திலே சோவியத் சுரங்கத் தொழிலாளி ஸ்தகானவ் ஒரே வேலை முறையிலே 102 தொன் நிலக்கரி வெட்டினார் என்பதை இடதுசாரிகள் உலகெங்கும் கொண்டாடினர். துணையாட்கள் சுரங்கக் கூரைக்கு முட்டுக் கொடுக்க, அவர் வெட்டுவதை மட்டுமே செய்தார் என்பதும், மறு ஆண்டிலே ஏனைய தொழிலாளரின் வேலையளவுகள் உயர்த்தப்பட்டன என்பதும் அவ்வளவாகப் பேசப்படவில்லை. இதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, மார்க்ஸின் மருமகன் போல் லபார்க் 'சோம்பலுக்கான உரிமை' என்னும் கட்டுரையை 1880இல் எழுதி, நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் உழைப்பது வேண்டாம் என்று வாதாடினார். தலைப்பிலே குறும்பு உண்டு. வாதத்திலே மிகையும் உண்டு. ஆயினும், உழைப்பைத் தெய்வமாக்கித் தொழிலாளியை அதற்குப் பலியிடும் வேலையை முதலாளிக்காகத் தொழிலாளியின் தோழர்களே செய்துவிடலாகாது என்ற அவரது எச்சரிக்கை இன்றும் பொருந்துவதே.

இக்காலத்திலே பகலுறக்கத்துக்குப் புதிய நண்பர்கள் கிடைத்துள்ளனர். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா நீண்டதூர விமானிகளிடையே நடத்திய ஆய்விலே, சராசரி 26 நிமிட உறக்கம் விழிப்பை 54 வீதமும் செயற்றிறனை 34 வீதமும் உயர்த்தியதாகக் கண்டனர். கிரேக்க நாட்டிலே 23,681 பேரை ஆண்டுக்கணக்காகக் கவனித்து 2007இல் வெளியிட்ட ஆய்வு, ஒழுங்காகப் பகலுறக்கம் கொள்வோரிடையே இருதய நோயால் நேரும் மரணம் 37 வீதம் குறைவு என்று காட்டியது. வேலை செய்யும் ஆடவரிடையே இத்தொடர்பு மேலும் வலுவாகத் தென்பட்டது. பெரும் கம்பனிகள் சில உறங்குவதற்கென்று அறைகளும் அமைத்துள்ளன.

இதனை நாம் வரவேற்க வேண்டாமா? விமானியும் பேருந்துச் சாரதியும் இரவுக்கடமைத் தாதியும் உறங்கி எழுந்து கடமைக்கு வருவது பிறரின் உயிரைக் காப்பதற்கு. அங்கே பயன் பற்றிய வாதம் நியாயமானதே. ஆனால் ஏனைய இடங்களிலே, 'உறங்கினால் உற்பத்தி கூடும், ஆகவே உறங்க விடுங்கள்' என்று வாதாடும்போது முதலாளியின் முதற்கூற்றை நாம் ஒப்புக்கொண்டு விடுகின்றோம். நாளைக்கு வேறோர் ஆய்வு, உறக்கத்தை விடக் கோப்பிக் கோப்பை ஒன்றே மலிவானது என்று கண்டால் எமது வாதம் எங்கே நிற்கும்? கட்டுநாயக்காவிலே 1978இல் தொடங்கிய சுதந்திர வர்த்தக வலயத்தின் ஆடைத் தொழிற்சாலைகளிலே தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் யுவதிக்கு மணித்தியாலத்துக்கு இத்தனை என்று இலக்கு வைக்கப்படுகின்றது. அவளுக்குரிய ஓய்வை அந்த இலக்கே அளக்குமாயின், அவ்வோய்வும் இயந்திரத்துக்கு எண்ணெய் விடுவது போன்றதே. 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 24ஆம் உறுப்புரை ஓய்வை உரிமை என்றே கூறுகின்றது. உற்பத்தி கூடினால் தரப்படும் சலுகை என்று கூறவில்லை.

இடைவேளை நீண்டிருந்தாற் போதும் என்றும் எண்ணுதற்கில்லை. ஸ்பெயினிலே மதியம் இரண்டு மணி முதல் நான்கு அல்லது ஐந்து மணி வரை கடைகளை மூடும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. அதன் மறுபக்கம், இரவு எட்டு மணிவரை வேலை. தொலைவிலே குடியிருக்கும் கடைச் சிப்பந்தி அவ்விடைவேளையிலே வீடு சென்று உறங்கி மீளவும் முடியாது, சம்பளமும் கிடையாது. நாள் இரண்டாகப் பிளந்ததே மிச்சம்.

இனி எமது வீடுகளுக்கு வருவோம். துரையின் நாற்காலியின் இனத்தைச் சேர்ந்த சாய்மனைக் கதிரை எங்கள் விறாந்தைகளிலும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மதியம் அதிலே ஆசிரியரோ இலிகிதரோ சாய்ந்திருப்பார். உள்ளே அவருடைய மனைவி சட்டி கழுவிக்கொண்டிருப்பாள். வர்க்கத்தைப் பற்றிப் பேசும் நாம் இந்தக் கதிரையைப் பற்றிப் பேசுவதில்லை. மலையகத்திலே நிலைமை இன்னும் கடுமையானது. கவ்வாத்து வெட்டும் ஆடவர் தம் அளவை முடித்துக்கொண்டு பகலோடே லயத்துக்குத் திரும்புவதுண்டு. கொழுந்து பறிக்கும் பெண் மாலைவரை மலையிலே நிற்கின்றாள். அவளுக்கும் மதிய இடைவேளை உண்டுதான். கொழுந்தை நிறுத்துக் கொடுத்து, பிள்ளைக்காம்பராவுக்கு ஓடிக் குழந்தைக்குப் பாலூட்டி, தண்ணீர் எடுத்து, நின்றபடியே சாப்பிட்டு மீண்டும் மலையேறுவதற்குள் அது கழிந்துவிடும். அவளுக்கும் பகலுறக்கம் வேண்டுமென்று ஒரு தொழிற்சங்கம் கோருமாயின், இடைவேளை இத்தனை மணி என்று எழுதினால் மட்டும் போதாது. நிறுக்கும் இடம் மலையிலிருந்து எவ்வளவு தூரம், பிள்ளைக்காம்பரா எங்கே, தண்ணீர்க் குழாய் எங்கே, பகலோடு லயத்துக்கு வந்துவிட்ட ஆடவன் அடுப்பைப் பற்றவைத்தானா என்பனவும் அக்கோரிக்கையிலே எழுதப்பட வேண்டும்.