உதிரும் முடியும் உதிராத உயிரும்

நம் திகம்பர முனிவர்கள் 2 முதல் 4 திங்களுக்குள் ஒருமுறை தலைமயிரைத் தம் கையாலேயே களைகின்றனர். புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்ளும் பெண்ணுக்கோ, பெரும்பாலும் 2, 3 வாரங்களில் முடி தானே உதிர்கிறது; விரைந்து பெருகும் செல்களைத் தாக்கும் மருந்து மயிர்க்கால்களையும் விடுவதில்லை.

இரண்டும் ஒன்றென்று கூறி அவரைத் தேற்றலாமா? கூடாது. முன்னது விரும்பி ஏற்ற நோன்பு. பின்னது விரும்பாது வந்த இழப்பு. 'முன்வினைப் பயன்' என்று அவர் செவிபட உரைப்பதும் சொல்லால் செய்யும் இம்சையே. வினைக்கொள்கை நம்மை நாமே திருத்திக்கொள்வதற்கு, பிறரை அளப்பதற்கன்று.

சிகிச்சை முடிந்த சில திங்களில் பெரும்பாலோர்க்கு முடி மீண்டும் வளரும். நிறம் மாறியும் சுருண்டும் வரலாம். உதிர்ந்ததும் முளைத்ததும் உடலைச் சார்ந்தவை. அறியும் உயிர் குறையவுமில்லை, கூடவுமில்லை. அதனை அவர் தாமே உணரட்டும். நாம் அருகிருந்து தொண்டு செய்வோமாக.