நாய் என்னும் சொல்

விலங்கினத்துள் மனிதனோடு முதன்முதலாக உறவு கொண்டு வாழ வந்தது நாய். இரவில் நம் வாயிலைக் காப்பது அது. சினம் மூண்டால் நம் வாயில் முந்தி வருவது அதன் பெயர். நன்றிக்கு உவமையாகவும் இழிவுக்கு உவமையாகவும் ஒரே உயிரை நாம் ஆள்வது எங்ஙனம் பொருந்தும்? ஒரு சொல்லின் இழிவு பொருளில் உள்ளதா, அன்றிச் சொல்பவன் உள்ளத்தில் உள்ளதா?

நம் மக்கள் பள்ளியில் பயிலும் ஆங்கிலத்திலும் இம்முரண்பாடு உண்டு. அம்மொழியில் நாய்க்குப் பழைய பொதுப்பெயர் 'ஹவுண்டு' என்பதே. பின்னர் வழக்கில் ஓங்கிய 'டாக்' என்னும் சொல்லின் வேர் இன்னதென மொழிநூலார் இன்றும் துணிந்திலர். அழிவுப் பாதையில் செல்வதை 'நாய்களிடம் போதல்' என்பர் ஆங்கிலேயர். துயர் மிகுந்த வாழ்வு அவர்க்கு 'நாய் வாழ்க்கை'. நமக்கு 'நாய் படாத பாடு'. தானும் உண்ணாமல் பிறரையும் உண்ணவிடாதவனை அவர்கள் தீவனத்தொட்டி நாய் என்பர். நாம் வைக்கோற்போர் நாய் என்போம். ஆயினும் அதே சொல்லினின்று பிறந்த 'டாக்கெட்' என்பது தளராத விடாமுயற்சியைக் குறிக்கும். 'ஒவ்வொரு நாய்க்கும் ஒரு நாள் உண்டு' என்பது எளியவனுக்கு நம்பிக்கையூட்டும் பழமொழி.

கல்கத்தாவாசிகளாகிய நமக்கு மற்றொரு நாயும் அறிமுகமானதே. 1908-இல் சியால்தாவில் இசைத்தட்டுத் தொழிற்சாலை தொடங்கிப் பின்னர் டம்டமில் வளர்ந்த கிராமபோன் நிறுவனத்தின் 'ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ்' முத்திரையில், குழலருகே தலை சாய்த்துத் தன் தலைவனின் குரலைக் கேட்டிருக்கும் 'நிப்பர்' அது. பிரான்சிஸ் பராடு என்னும் ஓவியர் தீட்டிய அவ்வுருவம் வங்கப் பாடலுக்கும் தமிழ்ப் பாடலுக்கும் ஒருங்கே அடையாளமாயிற்று. இசைத்தட்டில் கண்ட நாயை எவரும் இழிவென்று எண்ணவில்லை.

அங்ஙனமாயின் தீங்கு எங்கே பிறக்கிறது? ஆங்கிலப் பழமொழி ஒன்றே விடை தருகிறது: 'நாய்க்குக் கெட்ட பெயரிடு, பின் தூக்கிலிடு.' கொல்வதற்கு முன் பெயரைக் கெடுத்துவிட்டால் கொன்றவன் நெஞ்சு உறுத்தாது. பெயர் முன்னே செல்லும். கயிறு பின்னே வரும்.

இது வெறும் கற்பனையன்று. சிட்டகாங்கின் பஹார்தலியில் இருந்த ஐரோப்பியர் சங்கத்து வாயிலில், நாய்களுக்கும் இந்தியர்களுக்கும் அனுமதியில்லை என்று பலகை தொங்கியதாக வங்க மக்கள் இன்றும் நினைவுகூர்வர். 1932 செப்டம்பரில் அச்சங்கத்தைத் தாக்கச் சென்ற குழுவுக்குத் தலைமை தாங்கி உயிர் நீத்தவர் பிரீதிலதா வட்டேதார். அப்போது அவருக்கு வயது 21. நம் நகரத்துப் பெத்தூன் கல்லூரியில் தத்துவம் பயின்றவர் அவர். அன்று நிறுத்திவைக்கப்பட்ட பட்டத்தைக் கல்கத்தாப் பல்கலைக்கழகம் 2012-இல்தான் வழங்கியது. ஓர் இனத்தையே நாயோடு நிறுத்திய சொல்லுக்கு எத்துணை விலை!

இனி நம் முன்னோர் வைத்துச் சென்ற செல்வத்தைக் காண்போம். ஞமலி, ஞாளி, குக்கல் எனப் பல பெயரிட்டு அவ்வுயிரை அழைத்தது தமிழ். நெடுநாள் பழகியும் பாகனையே கொல்லும் யானை போன்றாரை விலக்கி, எறிந்த வேல் உடலில் தைத்திருக்கவும் வால் குழைக்கும் நாய் போன்றாரின் நட்பைக் கொள்க என்றது நாலடியார். துறக்கத்தின் வாயிலில் நின்ற தருமர், உடன்வந்த நாயைக் கைவிட்டு உள்ளே வர மறுத்தார் என்கிறது மகாபாரதம். மாணிக்கவாசகரோ இறைவன் திருமுன் தம்மையே நாய் என்று சொல்லிக் கொண்டார்.

இங்கேதான் அறத்தின் நுட்பம் விளங்குகிறது. தன்னைத் தானே நாயென்பது பணிவு; பிறனை நாயென்பது கொடுமை. சொல் ஒன்றே, அது செல்லும் திசை வேறு. தன்மீது செலுத்தும்போது செருக்கை அறுக்கும் அச்சொல், பிறர்மீது எறியும்போது அவர்தம் மானத்தை அறுக்கிறது. ஆதலின் இழிவு நாயிடத்தில் இல்லை. எறிபவன் கையில் இருக்கிறது.

சினத்தில் வாய்தவறி வந்த சொல்லுக்கு இத்துணை ஆராய்ச்சி வேண்டுமோ என்பார் உளர். பிழைப்பை நாடி மொழி வேறுபட்ட ஊருக்கு வந்தவர் நாம். ஒரு பெயரைச் சொல்லி ஒருவரை ஒதுக்கிவிடலாம் என்பதைப் புலம்பெயர்ந்தவரினும் நன்கு உணர்ந்தவர் யாவர்? அங்ஙனம் உணர்ந்த நாமே, நம் வீட்டுப் பாத்திரம் துலக்கும் பெண்ணையும், நம்மை ஏற்றிச் சென்ற ரிக்‌ஷாக்காரரையும் சினந்து அச்சொல்லால் சுடுவோமாயின், பஹார்தலிப் பலகையை நம் நாவிலே தொங்கவிட்டவர் ஆவோம்.

நம் குழந்தைகள் வீட்டில் தமிழும், தெருவில் வங்கமும், பள்ளியில் ஆங்கிலமும் கற்கின்றனர். மூன்று மொழிகளிலும் வசைகள் மலிந்துள்ளன. அவற்றைக் கற்பிக்க ஆசிரியர் வேண்டியதில்லை. நாலடியார் கண்ட நாயையும் தருமர் கைவிடாத நாயையும் அவர்களுக்குக் காட்டுவதற்கே பெற்றோர் வேண்டும். அக்கடமையை இன்றே மேற்கொள்வோமாக.