எதிர்க்காற்றும் நாலாம் ஜாமமும்



மாற்கு சுவிசேஷம் 6ஆம் அதிகாரத்தின் பின்பகுதியைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஐயாயிரம் பேரைப் போஷித்த அதே நாள் சாயங்காலம். சீஷர்களைப் படவில் ஏற்றி, அக்கரைக்கு முந்திப் போகும்படி ஆண்டவரே வற்புறுத்தி அனுப்புகிறார். அவர்களாக ஆசைப்பட்டுப் போகவில்லை. யோனாவைப்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடவும் இல்லை. கீழ்ப்படிந்து ஏறினார்கள். ஏறின பிறகுதான் காற்று எதிர்த்து அடித்தது!

இந்தப் பகுதியை நாம் போதுமான அளவு பிரசங்கிப்பதில்லை என்பது என் எண்ணம். ஒரு வீட்டில் கஷ்டம் வந்தால் போதும், "எங்கேயோ பாவம் இருக்கு, அதான் இப்படி" என்று சொல்ல நாலு பேர் வந்துவிடுகிறார்கள். யோபுவுக்கும் அப்படித்தான் மூன்று பேர் வந்தார்கள். தேவபிள்ளையே, காற்று எதிர்த்து அடிக்கிறது என்பதினாலே பாதை தப்பு என்று ஆகிவிடாது. அந்த இராத்திரி படவைத் திருப்பியிருந்தால் அதே காற்று அவர்களுக்குப் பின்காற்றாக மாறி, சுகமாகக் கொண்டுபோய் விட்டிருக்கும். எங்கே? புறப்பட்ட கரைக்கு!

எதிர்க்காற்றை நான் புஸ்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 1996ஆம் வருஷம் ஜூன் மாதம் நாங்கள் ஐந்து பேர் மதுரையிலிருந்து நாகர்கோவிலுக்குச் சைக்கிளில் புறப்பட்டோம். ஏறக்குறைய 240 கிலோமீட்டர். அங்கே மூன்று நாள் எழுப்புதல் கூட்டம். பஸ்ஸுக்குக் காசு இல்லாமல் அல்ல, வழியிலுள்ள ஊர்களில் கைப்பிரதி கொடுத்துக்கொண்டே போகலாம் என்றுதான். எல்லாம் சாதாரண சைக்கிள், கியர் எதுவும் கிடையாது. கேரியரில் துணிப்பை, வேதாகமம், கைப்பிரதிக் கட்டு. முதல் இரண்டு நாளும் விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, கயத்தாறு வழியாகப் பாட்டுப் பாடிக்கொண்டே பாளையங்கோட்டை வந்து சேர்ந்தோம். அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. மூன்றாம் நாளைத்தான் சொல்ல வேண்டும்.

திருநெல்வேலிப் பக்கத்து ஜனங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடியப்போகிற இடத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலை நெடுகத் தடுக்கப்பட்டு, இந்த வாசல் கிடைத்ததும் நெருக்கிக்கொண்டு பாய்ந்து வரும். அந்தக் காற்றை நம்பித்தானே 1990களில் முப்பந்தலில் வரிசை வரிசையாகக் காற்றாலைகளை நட்டார்கள்! நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி வரைக்கும் காற்று எங்களுக்குப் பக்கவாட்டில்தான் அடித்தது. சைக்கிள் சாய்ந்தது, ஆனாலும் ஓடிற்று. காவல்கிணற்றில் ரோடு பிரிகிறது. நேரே போனால் கன்னியாகுமரி, வலப்பக்கம் மேற்கே திரும்பினால் ஆரல்வாய்மொழி வழியாக நாகர்கோவில். அங்கே டீக்கடை அம்மா எங்களைப் பார்த்து, "என்னய்யா, இந்த மேகாத்துல சைக்கிளா மிதிக்கிய? பேசாம பஸ்ஸப் புடிச்சுப் போங்கய்யா" என்றார்கள். சிரித்துக்கொண்டே திரும்பினோம்.

அரை பர்லாங்கு போவதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது. காற்றின் வேகம் இரட்டித்தால் அது நம்மைத் தள்ளுகிற பலம் நாலு மடங்காகிவிடும். மேடு என்றால் அதற்கு ஒரு இறக்கம் உண்டு, ஏறினவனுக்குக் கூலி கிடைக்கும். எதிர்க்காற்றுக்கு இறக்கமே கிடையாது. சரிவிலும் எழுந்து நின்றுதான் மிதிக்கவேண்டும். மணல் வந்து முகத்தில் அறைகிறது. பக்கத்தில் வருகிறவன் பேசுவது காதில் விழவில்லை. ஒரு கைப்பிரதிக் கட்டு அவிழ்ந்து பின்பக்கமாகப் பறந்தே போயிற்று. காவல்கிணற்றுக்காரர்களுக்கு அன்றைக்கு எங்களைவிடக் காற்றுதான் அதிகமாகப் பிரதி கொடுத்திருக்கும்!

ஒரு சகோதரனுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. அந்த வழியாக வந்த லாரிக்காரர் ஒருவர் இரக்கப்பட்டு நிறுத்தினார். அவனையும் சைக்கிளையும் ஏற்றி அனுப்பினோம். தேமா பவுலை விட்டுப் போனான் என்று வேதத்தில் வாசிக்கிறோம். இவனை நாங்கள் யாரும் தேமா என்று சொல்லவில்லை. வீங்கின காலோடு மிதிப்பது விசுவாசம் அல்ல.

எங்களில் சின்னவன் ஒரு தம்பி, வயது பதினெட்டு. ஒரு சின்னப் பாலத்துக் கட்டையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். "ஐயா, நாம புறப்பட்டதே தேவசித்தம் இல்லையோ? சித்தமா இருந்தா இப்படி அடிக்குமா?" என்று கேட்டான்.

பிரியமானவர்களே, அவன் காற்றைப் பற்றிக் கேட்கவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னே அவனுடைய தகப்பனார் மரித்துப் போயிருந்தார். நாங்கள் எல்லாரும் உபவாசித்து ஜெபித்தோம், அவனும் ஜெபித்தான். அடக்கம் பண்ணின நாளிலிருந்து அவனுக்குள்ளே இருந்த கேள்வி இது. அன்றைக்குத்தான் வாய்க்கு வந்தது.

நான் உடனே பதில் சொல்லவில்லை. அவன் கைகள் நடுங்குவதைப் பார்த்தேன். காலையிலிருந்து அவன் ஒன்றும் சாப்பிடவில்லை, யாரிடமும் சொல்லாமல் உபவாசம் இருந்திருக்கிறான். மணிக்கணக்காகக் கடினமாய் உழைக்கும்போது சரீரம் சேர்த்துவைத்த சர்க்கரை தீர்ந்துபோகும். தீர்ந்தால் கை நடுங்கும், கண் இருளும், மனசும் இருண்டுவிடும். 1 இராஜாக்கள் 19இல் எலியா சூரைச்செடியின்கீழ் படுத்துக்கொண்டு, போதும், சாகிறேன் என்றபோது, தேவதூதன் அவனுக்குப் பிரசங்கம் பண்ணினானா? இல்லையே! சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா சாப்பிட்டுத் திரும்பவும் தூங்கினான். தூதன் மறுபடியும் வந்து தட்டி எழுப்பி, இரண்டாந்தரமும் சாப்பிடச் சொன்னான். ஓரேபுக்குப் போகிற நாற்பது நாள் பயணம் அதற்குப் பிறகுதான். நாங்களும் பையிலிருந்த கருப்பட்டியையும் இரண்டு வாழைப்பழத்தையும் கொடுத்து, உப்புப் போட்ட மோரைக் குடிக்க வைத்து, அவனைப் பாலத்தின் மறைவில் காற்றுப் படாமல் படுக்கவைத்தோம். அரைமணி நேரம் கழித்துத்தான் வேதாகமத்தைத் திறந்தோம். மாற்கு 6.

அங்கே அந்தத் தம்பிக்குக் காட்டினதைத்தான் உங்களுக்கும் காட்டுகிறேன். கலிலேயாக் கடல் நம் பக்கத்துக் கடலைப் போன்றது அல்ல, அது ஒரு பெரிய ஏரி. நீளம் 21 கிலோமீட்டர், அகலமான இடத்தில் 13 கிலோமீட்டர். சமுத்திர மட்டத்துக்கு இருநூறு மீட்டருக்கும் தாழ்வாகக் கிடக்கிறது, சுற்றிலும் மேட்டுநிலம். காற்று அங்கேயும் மலைச்சந்து வழியாகத்தான் இறங்குகிறது. யோவான் 6ஆம் அதிகாரம் அவர்கள் தண்டு வலித்த தூரத்தைக் கணக்காகவே சொல்கிறது, இருபத்தைந்து முப்பது ஸ்தாது. ஒரு ஸ்தாது ஏறக்குறைய 185 மீட்டர். பெருக்கிப் பாருங்கள், ஐந்து கிலோமீட்டர்தான் வருகிறது! இயேசு வந்தது நாலாம் ஜாமத்தில், அதாவது விடியற்காலை மூன்று மணிக்கு மேல். இருட்டினதிலிருந்து எண்ணினாலும் எட்டு மணி நேரம், ஐந்து கிலோமீட்டர். பேதுருவும் அந்திரேயாவும் யாக்கோபும் யோவானும் அந்தத் தண்ணீரிலேயே பிழைத்தவர்கள். தொழில் தெரியாமல் தோற்கவில்லை.

இன்னும் கவனியுங்கள். சாயங்காலத்திலே படவு நடுக்கடலில், ஆண்டவர் தனியே கரையில். அவர்கள் தண்டு வலித்து வருத்தப்படுகிறதை அவர் பார்த்தார் என்று மாற்கு எழுதுகிறார். வந்ததோ நாலாம் ஜாமத்தில். பார்த்ததற்கும் வந்ததற்கும் நடுவில் ஒரு நீண்ட இராத்திரி. அந்த நேரமெல்லாம் ஏன் விட்டுவைத்தார்? வேதம் அதைச் சொல்லவில்லை. வேதம் சொல்லாததை நானும் சொல்லமாட்டேன். அந்தத் தம்பிக்கும் அவன் தகப்பனாரைப் பற்றி நான் காரணம் எதுவும் சொல்லவில்லை. "அவர் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தாராக்கும்?" என்று மாத்திரம் ஒரு தடவை கேட்டான். ஆமா என்றேன். கொஞ்ச நேரம் அழுதான். பிறகு எழுந்து சைக்கிளை எடுத்தான்.

அதற்குப் பிறகும் காற்று குறையவில்லை, சாட்சிக்காக அப்படிச் சொல்லமாட்டேன். நாலு பேரும் ஒருவன் பின்னால் ஒருவனாக ஒட்டி வரிசையாய்ப் போனோம். முன்னால் போகிறவன் காற்றை வாங்குவான், பின்னால் வருகிறவனுக்குக் கொஞ்சம் மூச்சு விடலாம். நூறு பெடல் எண்ணி ஆளை மாற்றினோம். சபை ஐக்கியத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், அந்த ரோட்டில் அது எனக்கு மூச்சிலே விளங்கிற்று. மிதிக்க முடியாத இடங்களில் இறங்கித் தள்ளினோம். காவல்கிணற்றிலிருந்து ஆரல்வாய்மொழி ஏறக்குறைய பத்து கிலோமீட்டர்தான். நாலு மணி நேரம் ஆயிற்று. கணவாயைத் தாண்டி வயல் பச்சை கண்ணில் பட்டபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. முதல் நாள் கூட்டம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

இதை வாசிக்கிற சகோதரியே, ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருக்கிறாயோ? வட்டிக்காரன் வருகிற தேதியை எண்ணிக்கொண்டிருக்கிற சகோதரனே! இறங்கித் தள்ளுவது பின்மாற்றம் அல்ல. முழங்கால் நின்று ஒரு மணி நேரம் ஜெபிக்க முடியாவிட்டால், படுத்துக்கொண்டே "இயேசப்பா" என்று கூப்பிடு. வீட்டில் ஒருவரும் சாப்பிடாமல் அழுதுகொண்டிருந்தால் முதலில் ஒரு பிடி சோறு பொங்குங்கள். பக்கத்து வீட்டு விசுவாசி அந்த நிலைமையில் இருந்தால், நீங்கள் போகும்போது வசனத்தோடு ஒரு தூக்குச்சட்டியும் எடுத்துக்கொண்டு போங்கள்.

சீஷர்கள் பெத்சாயிதாவுக்கென்று புறப்பட்டார்கள். கரை பிடித்ததோ கெனேசரேத்து நாட்டில். இரா முழுதும் தூங்காதவர்கள், உள்ளங்கை கொப்பளித்திருக்கும். இறங்கின உடனே இளைப்பாறினார்கள் என்று எழுதியிருக்கவில்லை. அந்த ஊர் ஜனங்கள் ஆண்டவரை அடையாளம் கண்டுகொண்டு, சுற்றுப்புறமெல்லாம் ஓடி, வியாதிக்காரரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்துவிட்டார்கள்.